நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு: நீதிபதி நீக்கமும் 205 மௌனங்களும்

மாண்புமிகு மக்களவை, மாநிலங்களவை உறுப்பினர்களுக்கு,

வணக்கம். அரசமைப்பின் 124(4)ஆம் உறுப்பின்படி, இரு அவைகளிலும் மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேற்பட்டோரும், அவைக்கு வந்து வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாதோரும் ஒரே கூட்டத்தொடரில் ஆதரித்தால்தான், நிரூபிக்கப்பட்ட தவறான நடத்தைக்காகவோ திறனின்மைக்காகவோ உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவரைக் குடியரசுத் தலைவர் நீக்க முடியும். இந்தத் தடையைத் தளர்த்துமாறு நான் கேட்கவில்லை. தங்களுக்குப் பிடிக்காத தீர்ப்பை எழுதியவரை ஆட்சியாளர்கள் எளிதில் அகற்ற முடியுமானால், அரசுக்கு எதிரான வழக்கை அச்சமின்றி விசாரிக்க யாரும் மிஞ்சமாட்டார்கள்.

என் மனக்குறை 1993 மே 11 அன்று மக்களவையில் நடந்ததைப் பற்றியது. உச்ச நீதிமன்ற நீதிபதி வி. ராமசாமி மீதான 14 குற்றச்சாட்டுகளில் 11 நிரூபணமானதாக, அவற்றை விசாரித்த மூவர் குழு அறிக்கை அளித்திருந்தது. அவரை நீக்கும் தீர்மானத்தை வாக்கெடுப்பில் 196 பேர் ஆதரித்தனர், எதிர்த்து ஒரு வாக்குகூட விழவில்லை. காங்கிரசும் அதன் தோழமைக் கட்சிகளும் சேர்ந்த 205 பேர் அவையில் இருந்தும் வாக்களிக்கவில்லை. வாக்களித்த அனைவரும் ஆதரித்த தீர்மானம், மொத்த உறுப்பினர்களில் பாதியை எட்டாததால் தோற்றது. இந்தக் கணக்கில் விலகி நிற்பதன் பலனும் எதிர்த்து வாக்களிப்பதன் பலனும் ஒன்றே. எதிர்ப்பவரின் பெயர் பதிவில் நிற்கும், விலகியவர் எதற்கும் பொறுப்பேற்க வேண்டியதில்லை என்பது மட்டுமே வேறுபாடு. தம் முடிவுக்குக் காரணம் எழுத வேண்டிய நீதிபதியின் தலைவிதி, காரணம் சொல்லாதவர்களால் தீர்மானிக்கப்பட்டது. (2011இல் கொல்கத்தா உயர் நீதிமன்ற நீதிபதி சௌமித்ர சென் விவகாரத்தில் மாநிலங்களவை தயங்காமல் வாக்களித்துத் தீர்மானத்தை நிறைவேற்றியது, மக்களவை வாக்கெடுப்புக்கு முன்பே அவர் பதவி விலகினார். ஆகவே, உங்களால் முடியாததன்று இது.)

இன்னோர் இடைவெளி தொடக்கத்திலேயே இருக்கிறது. 1968ஆம் ஆண்டின் நீதிபதிகள் விசாரணைச் சட்டப்படி மக்களவையில் 100 பேரோ மாநிலங்களவையில் 50 பேரோ கையெழுத்திட்டு நீதிபதியை நீக்கக் கோரும் அறிவிப்பு கொடுத்தால், அதை ஏற்பதா மறுப்பதா என்று அவைத்தலைவர் முடிவெடுக்கிறார்; அதற்குக் கால வரம்பு ஏதும் இல்லை. குற்றமற்ற நீதிபதிக்கும் இந்தக் காத்திருப்பு தண்டனைதான்.

ஆகவே, அறிவிப்பின் மீது முடிவெடுக்கக் கால வரம்பு விதித்து 1968ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்துங்கள். குழுவின் அறிக்கை அவைக்கு வந்தபின் வாக்களிக்காமல் விலகும் உறுப்பினர், அதற்கான காரணத்தை எழுத்தில் பதிவு செய்யுமாறு உங்கள் அவை விதிகளில் ஒரு வரி சேருங்கள்.

இப்படிக்கு,
வாக்காளர் ஒருவர்