வீதிக்கு ஒரு எஸ்டிமேற், குளத்துக்கு ஒரு எஸ்டிமேற் வேண்டாம்

யாழ்ப்பாணக் குடாநாட்டு உள்ளூராட்சி சபைகளின் தவிசாளர்களுக்கும் தொழில்நுட்ப உத்தியோகத்தர்களுக்கும்,

வணக்கம். மாரியில் வளவுக்குள் வெள்ளம், கோடையில் கிணறு உவர். இந்த இரண்டு முறைப்பாட்டையும் இரண்டு கோப்பில் வைத்துப் பார்க்கும்வரை எதுவும் தீராது.

பழைய தாரைச் சுரண்டாமல் மேலே இன்னொரு படை போட்டால் வீதி உயரும், பக்கத்து வளவு பள்ளமாகும். வளவுக்காரர் மண் கொட்டி மதில் கட்டுவார். (மதிலடியில் ஒரு துவாரம் விட்டாலே போதும், அதைத்தான் ஒருவரும் விடுவதில்லை.) தண்ணீர் அயல் வளவுக்குப் போகும், அவரும் கொட்டுவார். குளத்துக்கு நீர் போன தாழ்நிலம் அடைபட்டபின் சபை வாய்க்கால் வெட்டி நீரைக் கடலுக்கு விடும். தனித்தனியே பார்த்தால் எவரிலும் பிழையில்லை.

கணக்கைப் பாருங்கள். மணிக்கு 50 மி.மீ. மழையில், 1 ஹெக்டேயர் மண் வளவிலிருந்து (ஓட்டக் குணகம், அதாவது ஊறாமல் மேலே ஓடும் மழையின் பங்கு, 0.3) செக்கனுக்கு 42 லீற்றர் ஓடும். கூரையும் சீமெந்துமாகிவிட்டால் (0.8) 111 லீற்றர். வீதிக்குக் கீழே நீர் போகும் மதகு மட்டும் பழையதே. மதகைப் பெருப்பித்தால் வெள்ளம் வடியும், ஆனால் வடிவது கோடைக் கிணற்று நீர். வற்றாத ஆறு இங்கில்லை. சுண்ணாம்புக்கல்லுக்குள் உவர்நீரின்மேல் மிதக்கும் நன்னீரே நமக்கு. அதன் மட்டம் 1 அடி இறங்கினால், சமநிலையில், உவர் எல்லை ஏறத்தாழ 40 அடி மேலேறும்.

ஆகவே வாய்க்கால் முதலில் குளத்தில் விழட்டும், நீர் அங்கே நிலத்துக்குள் ஊறட்டும். குளத்தின் வான் (நிரம்பிய நீர் வழியும் வாய்) வழியே மிஞ்சியது கடலுக்குப் போகட்டும். ஆனால் வாய்க்கால் நீரைக் குளத்துக்குள் நேரே விடாதீர்கள். வெடிப்புள்ள சுண்ணாம்புக்கல் எதையும் வடிகட்டாது, சந்தைக் கழிவெண்ணெயும் கிணற்றுக்கே வரும். குள வாயிலில் மண்டித் தொட்டி (மண் படிந்து தங்கும் தொட்டி) கட்டுங்கள். 0.1 மி.மீ. மணல் செக்கனுக்கு 8 மி.மீ. அளவில் தாழும்; 111 லீற்றருக்கு 14 சதுர மீற்றர் பரப்பு வேண்டும். நீர் கலங்குவதால் இருமடங்கு வைப்பதே நல்லது. எண்ணெயை மறிக்க, வெளிவாயில் குழாயை நீருக்குள் கீழ்நோக்கி வளையுங்கள். புரட்டாதிக்குள் வழிக்காத தொட்டி, முதல் பெருமழையிலேயே மண்டியைக் குளத்துக்குள் தள்ளிவிடும். வழிக்கும் செலவை எஸ்டிமேற்றில் எழுதுவோர் குறைவு.

பெரும்பாலும் பிழை வருவது மட்டத்தில்தான். வீதி, மதகு, குளம் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு தற்காலிக மட்டக்குறி (உயரம் அளக்க அடிப்படையாக வைக்கும் குறி). குள வாயில் மதகின் அடியைவிட 3 அங்குலம் உயர்ந்திருந்தால், எவ்வளவு கொங்கிறீற் போட்டாலும் தண்ணீர் தேங்கும்.

எங்கள் கோரிக்கை: வீதி நடு, இருபுற வாசற்படி, மதகின் அடி, குள வாயில், வான் ஆகியவற்றின் மட்டங்களை ஒரே மட்டக்குறியிலிருந்து எடுத்து ஒரு தாளில் வரையுங்கள். வீதிக்குப் பொறுப்பானவரும் குளத்துக்குப் பொறுப்பானவரும் அதில் ஒப்பமிடாத எஸ்டிமேற்றைச் சபையில் அனுமதிக்காதீர்கள்.