தரங்கம்பாடியின் மறுகரை

கோபன்ஹேகன், டென்மார்க்
8.6.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நாங்கள் நலம். அம்மாவின் முட்டிவலி எப்படி இருக்கிறது? போனில் கேட்டால் "அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்றே சொல்வார், நீங்கள்தான் உண்மையை எழுத வேண்டும்.

நேற்று சனிக்கிழமை. இவருக்கு வேலை. வீட்டில் தனியாக உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் காலை 9 மணிக்குக் கிளம்பியவள் ராத்திரி 9 மணிக்குத்தான் திரும்பினேன். ராத்திரி என்பது சும்மா பேச்சுக்கு. இந்த மாதம் இங்கே பத்து மணிவரை வெளிச்சம் இருக்கிறது. பஸ் ஏறவில்லை, முழுக்க நடைதான். குதிகாலில் கொப்புளம். உப்புத் தண்ணீரில் காலை வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் வட்டக் கோபுரம். ரூண்டெடோர்ன் என்பார்கள். 1642-இல் கட்டி முடித்தது. உச்சிக்குப் போகக் கடைசிக் கொஞ்சம் தவிர படியே கிடையாது. செங்கல் பாவிய சரிவுப்பாதை ஏழரைச் சுற்று சுற்றி மேலே போகிறது, 209 மீட்டர். நம்ம ஊர் குழந்தைகளை விட்டால் மேலிருந்து கீழே ஒரே ஓட்டம்தான். 1716-இல் ரஷ்ய மன்னர் பீட்டர் இதில் குதிரையிலேயே ஏறினாராம். உச்சியில் இரும்புக் கம்பிவேலி. அதில் ராஜாவின் முத்திரை: 'சி' என்ற எழுத்தின் வயிற்றுக்குள் ஒரு 4. நான்காம் கிறிஸ்டியன். அதைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் கட்டிய நம்ம கோட்டைக்கு நீங்கள் கூட்டிப்போகும்போதெல்லாம் கதை சொல்வீர்களே, 1620-இல் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போடத் தன் கப்பல்படைத் தலைவர் ஓவெ யெத்தெயை அனுப்பிய டென்மார்க் ராஜா, அவரேதான். இந்த ஊரில் பாதி அவர் கட்டியது போலிருக்கிறது, திரும்பிய பக்கமெல்லாம் அந்த 'சி'யும் 4-ம்.

அங்கிருந்து ஸ்ட்ரோயெட் கடைத்தெரு. 1962-லிருந்து வண்டிகளுக்கு இடமில்லை, நடப்பவர்களுக்கு மட்டும். கடைகள் எந்த ஊரிலும் இருக்கிற கடைகள்தான், சீக்கிரம் கடந்துவிட்டேன். தெருமுனையில் போட்டோ எடுக்க ஓர் அடி பின்னால் வைத்தேன், அது சைக்கிள் பாதை. ஒரு பாட்டி, எழுபது வயதிருக்கும், மணி அடித்துக்கொண்டே வந்து திட்டிவிட்டுப் போனார். வகுப்பில் நான்கு மாதமாக டேனிஷ் படிக்கிறேன், ஒரு வார்த்தையும் புரியவில்லை. ஆனால் தப்பு யார் மேல் என்பது நன்றாகப் புரிந்தது. இங்கே சைக்கிள் பாதையில் நிற்பது நம்ம ஊரில் தேர் போகும்போது குறுக்கே நிற்பது மாதிரி.

மத்தியானம் ஒரு சின்னக் கடையில் கறுப்பு ரொட்டிமேல் மீன் வைத்துத் தந்தார்கள். வேறு வேறு ருசியில் இருந்ததில் ஒன்று மஞ்சளாக இருந்தது. பெயர் 'கறிசில்', அதாவது கறிப்பொடி போட்ட ஹெர்ரிங் மீன். ஆசையாக ஒரு வாய் வைத்தேன். அப்பா, மீனில் சர்க்கரை போட்டிருக்கிறார்கள்! ஆப்பிள் துண்டு வேறு. அம்மாவிடம் சொல்லாதீர்கள், சாப்பாட்டை விட்டு எழுந்துவிடுவார். நான் தட்டைக் காலி செய்துவிட்டேன். கொடுத்த காசை நினைத்தால் வேறு வழி? ஒரு காபியே நம்ம காசுக்கு ஐந்நூறு ரூபாய்க்கு மேல்.

பழைய பங்குச்சந்தைக் கட்டடம் இப்போது சாரம் கட்டி நிற்கிறது. அதையும் அதே ராஜாதான் கட்டினார். நான்கு டிராகன்கள் வாலை முறுக்கிக்கொண்டு நிற்கிற கூம்பு ஒன்று உச்சியில் இருந்தது. 2024 ஏப்ரல் 16-ஆம் தேதி தீப்பிடித்து அந்தக் கூம்பு சரிந்து விழுந்தது. தெருவில் போனவர்கள்கூட உள்ளேயிருந்து பழைய ஓவியங்களைத் தூக்கி வர உதவியிருக்கிறார்கள். மறுபடி கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

பாலம் தாண்டி கிறிஸ்டியன்ஸ்ஹவ்ன் என்ற பகுதி. நான் உண்மையில் கிளம்பியதே இதைப் பார்க்கத்தான். அங்கே 'ஆசியாடிஸ்க் பிளாட்ஸ்' என்று ஓர் இடம், ஆசியச் சதுக்கம். டேனிஷ் ஆசியக் கம்பெனி இருந்த இடம். நம்ம தரங்கம்பாடிக்கும் சீனாவுக்கும் போய்வந்த அவர்கள் கப்பல்களின் சரக்குக்காக 1750 வாக்கில் கட்டிய கிடங்கு ஒன்று தண்ணீர் ஓரமாகவே நிற்கிறது. இப்போது அதெல்லாம் வெளியுறவு அமைச்சகத்தின் கையில். கிடங்கில் கூட்டம் நடத்துகிறார்களாம். ஒரு மிளகு வாசனையாவது இருக்கும் என்று எதிர்பார்த்தேன். கார்கள் நிற்கின்றன. சுற்றுலாக்காரர் ஒருவர்கூட இல்லை. கரையில் உட்கார்ந்து அரைமணி நேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஓவெ யெத்தெயின் கப்பல்கள் 1618-இல் இந்த ஊரிலிருந்து கிளம்பி, இலங்கைக் கரையைத் தொட 1620 ஆகிவிட்டது. வழியிலேயே எத்தனையோ பேர் செத்துப்போனார்கள். நான் சென்னையில் ஏறி மறுநாள் இங்கே இட்லி மாவு அரைக்க மிக்சி தேடிக்கொண்டிருந்தேன்.

திரும்பும்போது நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் மட்டுமான புதுப் பாலம் வழியாக நியூஹவ்ன் வந்தேன். காலண்டரில் பார்க்கிற அந்தக் கலர் கலர் வீடுகள் இங்கேதான், கூட்டமும் இங்கேதான். அரண்மனை முற்றத்தில் ஐந்தாம் பிரடெரிக் ராஜா குதிரைமேல் இருக்கிறார். அந்தச் சிலைக்குக் காசு கொடுத்தது யார் தெரியுமா? அதே ஆசியக் கம்பெனி. நம்ம பக்கத்து வியாபாரத்தில் வந்த காசும் அந்தக் குதிரையின் வாலிலாவது கொஞ்சம் இருக்கும். நான் அதைக் கொஞ்சம் உரிமையோடுதான் பார்த்தேன். கடற்கன்னி சிலையையும் பார்த்துவிட்டேன். ஒன்றேகால் மீட்டர்தான். அதற்காக அவ்வளவு தூரம் நடந்திருக்க வேண்டாம்.

ஒரு வேலை செய்யுங்கள் அப்பா. அடுத்த முறை தரங்கம்பாடிக்கு மீன் வாங்கப் போகும்போது, 1792 என்று போட்டிருக்கிற அந்த நுழைவாயிலையும் 1718-இல் கட்டிய புது எருசலேம் கோயில் முகப்பையும் நல்ல வெளிச்சத்தில் போட்டோ எடுத்து அனுப்புங்கள். முத்திரை எழுத்து தெரிகிற மாதிரி, கிட்டத்தில். சின்ன வயதில் அது ஏதோ பூ வேலைப்பாடு என்று நினைத்திருந்தேன். இங்கே சுவர்களில் பார்த்ததோடு வைத்துப் பார்க்க வேண்டும். போட்டோவில் உங்கள் விரல் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்பு மகள்