2024–25 ஆண்டறிக்கை: கதண்டும் கரிச்சானும் கொசுப்புகையும்

தலைவர் அவர்களுக்கும் வந்திருக்கிற உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு நகல் வீட்டுக்கே வரும், சந்தா ரசீதோடு சேர்த்து.

இந்த ஆண்டு நம் ஊர் நலச் சங்கத்தின் செயற்குழு ஆறு முறை கூடியது. அதில் நான்கு கூட்டம் பறக்கிற பூச்சிகளைப் பற்றியே பேசிக் கலைந்தது. சாலை, தெருவிளக்கு, குப்பை வண்டி எல்லாம் போன ஆண்டு இருந்தபடியே இருக்கின்றன, மனு நகல்கள் கோப்பில் உள்ளன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

சரி, கதண்டு என்கிற பெரிய குளவிக்கு வருகிறேன். புரட்டாசியில் பிள்ளையார் கோயில் பின்புறத் தென்னையில் பானை அளவுக்குக் கூடு. வயிற்றில் மஞ்சள் பட்டை போட்ட கறுப்பு ஜாதி, தேனீ மாதிரி ஒரு தடவை கொட்டிவிட்டுச் சாகாது, திரும்பத் திரும்பக் கொட்டும். தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லிவிட்டு இருட்டும் வரை காத்திருந்திருக்கலாம். அதற்குள் நம் ஆட்களே கல்லை விட்டு எறிந்தார்கள், நான்கு பேர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். எறிந்தவர்களில் இந்த அறிக்கையை எழுதுகிறவனும் ஒருவன், அதனால் யாரையும் குறை சொல்ல வரவில்லை. இரவில் தீயணைப்பு வீரர்கள் வந்து அரை மணியில் வேலையை முடித்தார்கள்.

அடுத்த மாதம் வாய்க்கால் ஓரப் பனையில் இன்னொரு கூடு தெரிந்தது. அந்தப் பக்கம் ஆள் நடமாட்டம் இல்லை என்பதால் விட்டுவிட்டோம். ஐப்பசி கடைசியில் ஒரு பருந்து வந்து அந்தக் கூட்டைப் பிய்த்து, அடையை எடுத்து, உள்ளே இருந்த புழுக்களைத் தின்றது. கதண்டுகள் சுற்றிச் சுற்றி வந்தும் அது அசையவில்லை. தேன்பருந்து என்று பிறகுதான் தெரிந்தது. அதன் முகத்து இறகுகள் செதில் மாதிரி நெருக்கமாக இருப்பதால் கொடுக்கு எளிதில் இறங்காதாம். மூன்று நாள் வந்தது. அதற்கு யாரும் பேட்டா கொடுக்கவில்லை.

இதைக் கேட்டதும் "அப்போ பருந்தை நம்பிச் சும்மா இருக்கலாமா" என்று ஒரு கேள்வி வந்தது. முடியாது. பள்ளிக்கூட வாசலில் கூடு கட்டினால் 101க்குத்தான் அழைக்க வேண்டும். கரிச்சான், பஞ்சுருட்டான் மாதிரிப் பூச்சி பிடிக்கிற குருவிகள் பறக்கிற குளவியை ஒவ்வொன்றாகப் பிடிக்குமே தவிரக் கூட்டைக் காலி செய்யாது. அதோடு கதண்டும் குளவியும் வயல் புழுக்களைத் தூக்கிக்கொண்டு போய்த் தம் குஞ்சுகளுக்குக் கொடுப்பவைதான். ஆள் போகாத இடத்தில் இருந்துவிட்டுப் போகட்டும்.

பஞ்சுருட்டான் விஷயத்தில் சண்டையே நடந்தது. நம் உறுப்பினர் ஒருவர் தேனீப் பெட்டி வைத்திருக்கிறார். கம்பியில் உட்கார்ந்து, பறக்கிற தேனீயை எட்டிப் பிடித்து, கம்பியிலேயே அடித்துத் தேய்த்துக் கொடுக்கை நீக்கிவிட்டு விழுங்குகிறது என்று புகார். வெடி போட்டு விரட்டச் சொன்னார். அவர் சொன்னது உண்மை, அது தேனீ, குளவி, தட்டான், ஈ என்று பார்த்துத் தின்னாது. பெட்டிகளை மரக்கூட்டத்துக்குள் தள்ளி வைத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறோம். அரைமனதாக ஒப்புக்கொண்டார்.

அப்புறம் மைதானத்து சவுடு மண் மேடு. பங்குனியில் பொக்லைன் வைத்துச் சமன் செய்ய ஆளுக்கு முன்பணமும் கொடுத்தாயிற்று. ஞாயிறு காலை ஏழாம் வகுப்புப் பையன்கள் இரண்டு பேர் ஓடிவந்து மேட்டின் பக்கவாட்டில் ஓட்டைகள் இருக்கின்றன, பச்சைக் குருவி உள்ளே போகிறது என்றார்கள். பஞ்சுருட்டான் மண்ணில் நீளமாக வளை தோண்டி அதற்குள்தான் முட்டை இடும், மாசியிலிருந்து வைகாசி வரை அதற்குக் காலம். வேலையை ஆடிக்குத் தள்ளினோம். கிரிக்கெட் கோஷ்டி இன்னும் என்னிடம் பேசுவதில்லை.

கொசுப்புகைக்கு வருகிறேன். இந்த ஆண்டும் சாயங்காலங்களில் அடித்தோம், தவறு என்று நினைக்கிறேன். புகை பறக்கிற கொசுவைக் கொல்லும், தண்ணீரில் நெளிகிற புழுவை ஒன்றும் செய்யாது, அடுத்த வாரம் புதுக் கொசு வந்துவிடும். கூடவே தட்டானும் விழும். தட்டான் பறக்கும்போது கொசுவைப் பிடிக்கும், அதன் குஞ்சு குளத்து நீரில் கொசுப்புழுவைத் தின்னும். இருட்டினதும் அந்த வேலையைச் சின்ன வௌவால்கள் எடுத்துக்கொள்ளும். ஆனால் டெங்குக் கொசு முட்டை இடுவது பழைய டயர், இளநீர்க் கூடு, பூந்தொட்டித் தட்டு என்று நம் வீட்டுச் சாமான்களில். அங்கே தட்டான் வராது, நாம்தான் கவிழ்த்துக் கொட்ட வேண்டும். வாரம் ஒரு நாள் வீடு வீடாகப் பார்க்க ஆறு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள், இன்னும் ஆறு பேர் தேவை.

கூட்டத்தின் ஒப்புதலுக்கு வருபவை: புகைக்கு ஒதுக்கிய தொகையைச் சாக்கடை தூர்வார மாற்றுவது, வாய்க்கால் பனைகளில் காய்ந்த ஓலையைக் கழிக்காமல் விடுவது, (பறக்கிற பூச்சியைத் தின்கிற பனை உழவாரன் குருவி எச்சிலால் ஒட்டிக் கூடு கட்டுவது அதில்தான்), வயல் வைத்திருக்கும் உறுப்பினர்கள் கரிச்சான் உட்கார 'T' வடிவக் குச்சி நடுவது, கதிர் வந்ததும் பிடுங்கிவிட வேண்டும், இல்லையென்றால் நெல் தின்கிற குருவிக்கும் அதுவே ஆசனம் ஆகிவிடும்.

மண் மேட்டை ஆடியில் தொடுவதா வேண்டாமா என்பதைக் கை உயர்த்தி முடிவு செய்யலாம். பையன்கள் இருவரும் வாசலில் நிற்கிறார்கள், அவர்களுக்கு ஓட்டு கிடையாது, ஆனால் உள்ளே வந்து உட்காரலாம்.

இப்படிக்கு,
செயலாளர்