இளநீர் ஜூஸ் இல்லை

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சிங்கப்பூரில் மருத்துவர்களும் தாதியரும் நம்மவர்களிடம் சாப்பாட்டைப் பற்றிக் கேட்கும் விதம் குறித்து எழுத வேண்டும் என்று வெகுநாளாக நினைத்திருந்தேன். என் அம்மாவுக்கு வயது 76. இருபது ஆண்டுகளுக்கு மேலாக நீரிழிவு. அதனால் சிறுநீரகமும் பழுதாகி, டயாலிசிஸ் வரை போகாமல் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

சென்ற ஆண்டு ஒரு ரத்தப் பரிசோதனையில் அம்மாவின் பொட்டாசியம் அளவு 5.8 என்று வந்தது. 5-க்குள் இருக்க வேண்டியது. சிறுநீரகம் சரியாக இயங்காவிட்டால் பொட்டாசியம் வெளியேறாமல் ரத்தத்தில் தேங்கும். அளவு மீறினால் இதயத் துடிப்பே தடுமாறலாம். அன்றைக்கு இருந்த தாதி கேள்விப் பட்டியலோடு வந்தார். வாழைப்பழம்? இல்லை. ஆரஞ்சு? இல்லை. உருளைக்கிழங்கு? எப்போதாவது. ஜூஸ் குடிப்பீர்களா? இல்லவே இல்லை.

அம்மா பொய் சொல்லவில்லை. இளநீர் அவருக்கு ஜூஸ் இல்லை, மருந்து. கண் எரிந்தால் இளநீர், நீர்க்கடுப்பு வந்தால் இளநீர், மாத்திரை சூட்டைக் கிளப்பினாலும் இளநீர். அந்த மாதம் வெயில் தாங்கவில்லை என்று தேக்கா சந்தைக்குப் போகும்போதெல்லாம் வாங்கி வந்து, நாளுக்கு ஒன்றாகக் குடித்திருக்கிறார். 240 மில்லிலிட்டர் குவளை இளநீரில் சுமார் 600 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கிறது. நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் இருப்பதைவிட இது அதிகம். வாழைப்பழத்தைத் தொடாமல் இருந்து என்ன பயன்?

தாதியை மட்டும் குறை சொல்லி நான் தப்பித்துக்கொள்ள முடியாது. பக்கத்தில் உட்கார்ந்து மொழிபெயர்த்தவள் நான்தான். "உடம்பு ஒரே சூடா இருக்கு, அதான் குளிர்ச்சியா..." என்று அம்மா ஆரம்பித்தபோது அதை அப்படியே விழுங்கிவிட்டேன். ஆங்கிலத்தில் சொன்னால் காய்ச்சல் என்று நினைத்து வெப்பமானியை நீட்டுவார்கள். விளக்கப் போனால், படித்த பெண் இதையெல்லாம் நம்புகிறாளா என்று பார்ப்பார்களோ என்று ஒரு கூச்சம். பிள்ளைகளை வைத்துக்கொண்டு பெரியவர்களிடம் பேசும் எல்லா அறைகளிலும் இது நடக்கிறது என்றே நினைக்கிறேன்.

இரண்டு வாரம் கழித்து வேறொரு தாதி. ஐம்பதைத் தாண்டிய சீனப் பெண்மணி. பட்டியலைப் புரட்டவே இல்லை. "ஆன்ட்டி, உடம்பு ஹீட்டியா இருந்தா என்ன குடிப்பீங்க?" என்று கேட்டார். அந்த ஒரு சொல் அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. நான் வாய் திறப்பதற்குள் இளநீர், பார்லித் தண்ணீர், நீர்மோர், வெந்தயம் ஊறிய தண்ணீர் என்று எல்லாம் வெளியே வந்துவிட்டன. தன் அம்மாவும் இப்படித்தான், லியாங் தே என்னும் குளிர்ச்சி மூலிகைத் தேநீர் காய்ச்சி ஃப்ளாஸ்க்கில் வைத்துக்கொள்வார் என்று அவர் சிரித்தார். அப்புறம் பொறுமையாக, இளநீரை நிறுத்துங்கள், பார்லியைச் சர்க்கரை போடாமல், உங்களுக்குச் சொன்ன தண்ணீர் அளவுக்குள் குடியுங்கள் என்றார். அம்மா நிறுத்திவிட்டார். திட்டாமல் சொன்னதால்தான் என்பது என் கணிப்பு.

சிங்கப்பூரில் இதற்காக வெளியிலிருந்து யாரையும் வரவழைக்க வேண்டியதில்லை. டுரியான் சூடு, மங்குஸ்தீன் குளிர்ச்சி என்பது இங்கே எல்லா இனத்தவரும் கேட்டு வளர்ந்த பேச்சு. சீனர்களுக்குப் பிரசவத்துக்குப் பின் ஒரு மாதக் காப்பு, மலாய்க்காரர்களுக்குப் பந்தாங், நமக்குப் பத்தியம். நம் சூட்டுக்கும் தொட்டால் சுடுவதற்கும் சம்பந்தமில்லை என்பதை மட்டும் இளம் மருத்துவர்கள் தெரிந்துகொண்டால் போதும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த மாம்பழமும் சூடுதான். ஆவி பறக்கும் வெந்தயக் கஞ்சியும் குளிர்ச்சிதான்.

பத்தியத்தைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். என் அக்காள் மகளுக்குச் சென்ற ஆண்டு குழந்தை பிறந்தது. அக்காள் பூண்டுக் குழம்பு, பால்சுறாப் புட்டு, சுக்கு, பிரசவ லேகியம் என்று அமர்க்களப்படுத்தினார். வீட்டுக்கு வந்த ஒருவர் இவை அத்தனையும் மூடநம்பிக்கை என்று ஒரே போடாகப் போட்டார். அன்றிலிருந்து அக்காள் எதையும் அவரிடம் சொல்வதில்லை. பால்சுறாவில் நல்ல புரதம் இருக்கிறது, பூண்டால் கெடுதி ஒன்றுமில்லை. வயிறு பெருத்துவிடும் என்று பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீரைக் குறைத்ததுதான் தப்பு. பால் கொடுப்பவளுக்குத் தாகமும் மலச்சிக்கலும்தான் மிச்சம். அதைவிடப் பெரிய தப்பு குழந்தையின் நாக்கில் தேன் தடவியது. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கொடுத்தால் பொட்டுலிசம் என்னும் கொடிய நஞ்சேற்றம் வரக்கூடும். தண்ணீரையும் தேனையும் மட்டும் பிடித்துப் பேசியிருந்தால் அக்காள் கேட்டிருப்பார். குழம்பையும் சேர்த்துத் திட்டியதால் தேனைப் பற்றிய பேச்சும் காதில் ஏறவில்லை.

கீரைக்கு வருகிறேன். நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்துவிட்டால் பொட்டாசியம் குறையும் என்று ஊட்டச்சத்து நிபுணர் சொன்னது சரியான யோசனை. ஆனால் வடித்த தண்ணீரைக் கொட்ட நம் வீட்டில் யாருக்கு மனம் வரும்? சத்தெல்லாம் அதில்தானே இருக்கிறது என்று அம்மா அதில் ரசம் வைத்துவிட்டார்! வடியுங்கள் என்பதோடு நிறுத்தாமல், தண்ணீரைக் கொட்டிவிடுங்கள் என்பதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்துப்பு உப்புக் கணக்கில் வராது என்று நம்புகிறவர்களும் உண்டு. அதுவும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான்.

இந்தியர் என்ற ஒரே பெட்டிக்குள் நம் எல்லாரையும் போட்டுவிடுவதும் சரியில்லை. சோற்றைக் குறைத்துச் சப்பாத்தி சாப்பிடுங்கள் என்ற அறிவுரை பஞ்சாபிக்கும் தமிழருக்கும் பங்களாதேஷ் ஊழியருக்கும் ஒன்றுபோல் வழங்கப்படுகிறது. விடியற்காலையில் கட்டிவந்த சோற்றுப் பொட்டலத்தை மதியம் வேலையிடத்தில் பிரிக்கும் ஊழியர் சப்பாத்திக்கு எங்கே போவார்? நம்மவர்களைக் கேட்டால், இரவில் சப்பாத்தி என்றாலே சர்க்கரை இறங்கிவிடும் என்று நினைத்து ஐந்தாறு உள்ளே தள்ளுவோம். இது நம் பக்கத்துக் கோளாறு.

ஜெலட்டின் கூடுள்ள மாத்திரைகளைப் பற்றியும் யாராவது கேட்கலாம். அந்தக் கூடு பெரும்பாலும் மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ எடுத்த ஜெலட்டினால் ஆனது. சைவம் சாப்பிடும் என் அண்டைவீட்டுப் பாட்டி அதை அறிந்த நாள்முதல் விழுங்குவதில்லை. மருத்துவரிடம் சொல்லவும் இல்லை. மரியாதைக் குறைவு என்று நினைக்கிறார். மாற்று மருந்து இருக்கிறதா என்று கேட்கலாம் என்பதே அவருக்குத் தோன்றவில்லை.

எனக்கு மிகவும் கவலை தருவது விரதம். ரமலான் மாதத்தில் எப்படி மருந்து எடுப்பது என்று நீரிழிவு உள்ள முஸ்லிம் நோயாளிகளிடம் முன்கூட்டியே பேசுகிறார்கள். நல்ல வழக்கம். ஆனால் ஏகாதசி, சஷ்டி, புரட்டாசிச் சனி பற்றி அம்மாவிடம் இதுவரை ஒருவர்கூடக் கேட்டதில்லை. கிளிபிசைட் போன்ற சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு பட்டினி கிடந்தால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கி மயக்கம் வரலாம். பாலும் பழமும்தானே என்று சமாளித்தாலும், அம்மா மாதிரி சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அந்தப் பாலிலும் வாழைப்பழத்திலும் பொட்டாசியம் காத்திருக்கிறது.

பலதுறை மருந்தகங்களிலும் (பாலிகிளினிக்) மருத்துவமனைகளிலும் வைத்திருக்கும் கேள்வித்தாளில் இரண்டு மூன்று வரிகளைச் சேர்ப்பது பெரிய வேலையாக இருக்காது. உடம்பு சூடு என்றால் என்ன குடிப்பீர்கள், எந்த நாளில் விரதம், வீட்டில் யார் சமைக்கிறார்கள், கைவைத்தியமாக என்ன சாப்பிடுகிறீர்கள். முடிந்தால் இவற்றைத் தமிழிலேயே அச்சடித்துப் பெரியவர்கள் கையில் கொடுக்கலாம். பிள்ளைகள் நடுவில் புகுந்து வெட்டிவிட முடியாது.

அம்மாவின் அடுத்த சந்திப்பு ஐப்பசியில் வருகிறது. கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் விரதம் என்று இப்போதே சொல்லிவிட்டார். இந்த முறை அவர்கள் கேட்கும்வரை காத்திராமல், அறைக்குள் போனதும் முதலில் அதைச் சொல்லிவிடலாம் என்றிருக்கிறேன்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
ஈசூன்