புள்ளி தனியாக விழுகிறது

தாராவி, மும்பை

அன்புள்ள பாப்பா,

நீயே செய்து அனுப்பிய சொல் விளையாட்டை மூன்று போனில் போட்டுப் பார்த்தாயிற்று. ஆட்டம் பிடித்திருக்கிறது, நிறமும் பரவாயில்லை. ஆனால் ஊருக்கெல்லாம் லிங்க் அனுப்புவதற்கு முன் சில வேலை பாக்கி. முதலில் எழுத்து விவகாரம். மற்றதெல்லாம் அப்புறம்.

பெயர்ப் பெட்டியில் 12 என்று எல்லை வைத்திருக்கிறாய். ‘கார்த்திகேயன்’ என்று அடித்தால் கடைசிப் புள்ளி போய் ‘கார்த்திகேயன’ என்று நிற்கிறது. நம் கண்ணுக்கு அது 7 எழுத்து. நீ நிரல் எழுதிய ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு 13, ஏனென்றால் துணைக்கால், கொம்பு, புள்ளி எல்லாவற்றையும் அது தனித்தனியாக எண்ணும். 12-ல் வெட்டினால் வெட்டு புள்ளியின் மேல்தான் விழும். எல்லையை 40 ஆக்கிவிட்டு, எழுத்துகளை நீயே எண்ணிக் கட்டுப்படுத்து.

மேலிருந்து விழும் எழுத்துகளிலும் இதே கோளாறுதான். சொல்லை நேராக உடைத்திருக்கிறாய். அதனால் ‘ர்’ வரவேண்டிய இடத்தில் முதலில் ஒரு ‘ர’ வருகிறது, பின்னாலேயே புள்ளிகளால் போட்ட ஒரு வட்டத்தைத் தூக்கிக்கொண்டு புள்ளி மட்டும் தனியாக விழுகிறது. தமிழில் 247 எழுத்து என்று பள்ளிக்கூடத்தில் படித்தவர்களுக்கு இது வினோதமாகத் தெரியும். எழுத்து எழுத்தாகப் பிரித்துத் தரும் கருவி ஒன்று Intl.Segmenter என்று பிரவுசரிலேயே இருக்கிறது; மொழி ‘டிஏ’ (தமிழ்), பிரிப்பு ‘கிராஃபீம்’ (முழு எழுத்து) என்று கொடு. பயர்பாக்ஸில் இது 125-ஆம் பதிப்பிலிருந்துதான் உண்டு, பழையதற்கு மாற்று வழி எழுதிவை. ‘க்ஷ’வை இது இரண்டாகவே உடைக்கும். அதற்கு மட்டும் கையால் ஒரு விதி போடு.

விடை சரிபார்ப்பதில் இன்னொரு சிக்கல். ‘கொ’வில் இருக்கும் ஒகரக்குறியை ஒரே குறியீடாகவும் வைக்கலாம், ஒற்றைக்கொம்பு, துணைக்கால் என்று இரண்டாகவும் வைக்கலாம். பார்க்க ஒன்று, ஒப்பிட்டால் வேறு. இரண்டு பக்கமும் ‘என்எஃப்சி’ நார்மலைஸ் செய்து, அதாவது ஒரே குறியீட்டு வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட்டால் தீர்ந்தது. ஆனால் ஔகாரம் அதற்கும் மசியாது. ‘கௌரவம்’ என்பதைப் பாதிப் பேர் க-வுக்குக் கொம்பு போட்டு, பக்கத்தில் ள-வைத் தட்டி ‘கெளரவம்’ என்று எழுதுவார்கள். கம்ப்யூட்டருக்கு அது வேறு சொல். சரி, ‘கெள’ என்று வருவதையெல்லாம் ‘கௌ’ ஆக்கிவிடலாம் என்று கை அரிக்கும். செய்யாதே, கெளுத்தி மீன் செத்துவிடும். ஔகாரச் சொற்களுக்கு மட்டும் அகராதியில் இரண்டு எழுத்துக்கூட்டையும் போட்டுவை.

அடுத்து வேகம். ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் 4 பிக்சல் இறங்கு என்று எழுதியிருக்கிறாய் போல. 60 ஹெர்ட்ஸ் திரையில், அதாவது நொடிக்கு 60 ஃப்ரேம் காட்டும் திரையில், அது நொடிக்கு 240 பிக்சல், 120 ஹெர்ட்ஸ் போனில் 480. புதுப் போன் வாங்கியவன் தோற்றுக்கொண்டே இருப்பான், காரணமும் புரியாது. ‘நொடிக்கு 240’ என்று வைத்து, போன ஃப்ரேமிலிருந்து கழிந்த நேரத்தால் பெருக்கு. அந்த நேரத்துக்கு 50 மில்லிநொடி என்று உச்சவரம்பும் வேண்டும். நடுவில் போன் வந்தால் பிரவுசர் ஆட்டத்தை நிறுத்திவிடும்; ஒரு நிமிடம் பேசிவிட்டுத் திரும்பினால் அந்த முழு நிமிடத்தையும் ஒரே ஃப்ரேமில் கணக்குப் போட்டு எல்லா எழுத்தும் தொபுக்கென்று தரையில் கிடக்கும். திரை மறைந்தால் தானாகவே பாஸ் ஆகிற மாதிரி செய்வது இன்னும் நல்லது.

விளையாடப்போகிறவரை நினைத்துக்கொள். சயானில் ஸ்லோ லோக்கல் ஏறுகிறார், மாட்டுங்கா, அடுத்தது தாதர். அங்கே ஏறும் கூட்டத்தில் ஒரு கை கம்பிக்குப் போய்விடும், மிச்சம் ஒரு கட்டைவிரல்தான். உன் ‘அழி’ பட்டன் வலது மேல் மூலையில், 30 பிக்சலில் இருக்கிறது. ஆப்பிள் 44 என்கிறது, ஆண்ட்ராய்டு 48 என்கிறது. பெரிதாக்கிக் கீழே இறக்கு, ஆனால் ஐபோன் திரையின் அடியில் இருக்கும் கோட்டில் ஒட்டிவிடாதே. விரலைக் கீழே இழுத்தால் பக்கமே ரீலோட் ஆகி ஸ்கோர் போகிறது. பக்கத்தின் தோற்றத்தை எழுதும் சிஎஸ்எஸ்ஸில் ‘ஓவர்ஸ்க்ரால் பிஹேவியர்’ என்பதற்கு ‘நன்’ (none) என்று போடு. பெயர்ப் பெட்டியின் எழுத்தை 16 பிக்சலுக்குக் கீழே வைத்தால் ஐபோன் தானாக ஜூம் ஆகும், அதையும் பார். சத்தம் முதல் தட்டலுக்குப் பிறகுதான் வரும், அது உன் தப்பில்லை.

நவி மும்பையில் செய்த லூடோ கிங்கை ஒரே போனில் நாலு பேர் மாற்றி மாற்றி ஆடலாம், நெட்டும் வேண்டாம். உன் ஆட்டத்துக்கும் அப்படி ஒன்று யோசி. கிராஃபிக்ஸுக்குச் செலவழிக்கும் நேரத்தை அதற்குச் செலவழித்தால் புண்ணியம் உண்டு.

தோற்றால் வரும் பக்கத்தில் வடிவேலு படம் வேண்டாம். 2019 மே கடைசியில் நேசமணிக்காக உலகமே பிரார்த்தனை செய்தபோது சிரித்தவர்கள் இன்றும் சிரிப்பார்கள். அவர் முகம் கெட்டுப்போகாத சரக்குதான். ஆனால் சரக்கு நம்முடையதில்லை, படக்காட்சிக்கு உரிமைக்காரர்கள் இருக்கிறார்கள். நீயே நன்றாக வரைவாய், ஒரு கெளுத்தியை வரைந்து போடு.

‘சலுகை இன்னும் 2 நிமிடம்’ என்று ஓடும் கடிகாரத்தையும் எடுத்துவிடு. ரீலோட் செய்தால் மறுபடி 2-லிருந்து ஆரம்பிக்கிறது. 2023 நவம்பரில் மத்திய அரசு பட்டியலிட்ட 13 ஏமாற்று வடிவமைப்புகளில் பொய் அவசரமும் ஒன்று.

அம்மா தன் போனில் எழுத்தளவைப் பெரிதாக வைத்திருக்கிறாள். அதில் ‘மீண்டும் ஆடு’ என்பதில் ‘மீண்டும்’ மட்டும் தெரிகிறது, ‘ஆடு’ பட்டனுக்கு வெளியே போய்விட்டது. பட்டனின் அகலத்தை எண்ணால் கட்டாமல் பேடிங் (எழுத்தைச் சுற்றி விடும் இடம்) மட்டும் கொடு, வரி உயரம் 1.6 வை. ஸ்க்ரீன்ஷாட்டை வாட்ஸாப்பில் அனுப்பியிருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா