ரேடியோவைத் தனியாகவே வை

ரங்கூன்,
தைப்பூசம் முடிந்த மறுவாரம்

அன்பு மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் தைப்பூசத்துக்கு முந்தின நாள் வந்தது. பஸ்ஸில் ஏற்றிவிட்ட பம்பளிமாஸ் மூட்டைக்குள்ளேயே கவரையும் செருகி அனுப்பியிருந்தாய். காகிதத்தில் இன்னும் பழ வாசனை இருக்கிறது. இங்கே எல்லோரும் சுகம். உன் தங்கச்சிக்குச் சர்க்கரை இப்போது கட்டுக்குள் இருக்கிறது. பெரியவளின் மகள் கோயில் தமிழ் வகுப்பில் சேர்ந்து உயிர்மெய் வரை வந்துவிட்டாள். 'ழ' மட்டும் இன்னும் நாக்கில் ஏறவில்லை. நமக்கும் அந்த வயதில் ஏறவில்லை. உன் அப்பாதான் பிரம்பால் மேசையைத் தட்டித் தட்டி வரவழைத்தார்.

அதனால்தான், அப்பாவின் தகரப் பெட்டியைத் திறந்தாய், உள்ளே இசைத்தட்டுகள் அப்படியே இருக்கின்றன என்று நீ எழுதியிருந்த இடத்தில் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் மேலே படிக்க முடிந்தது. அந்தப் பெட்டியின் மேல் உட்கார்ந்துதானே நாம் ரேடியோ கேட்டோம்! வால்வு சூடாகிற வரைக்கும் மூச்சை அடக்கிக்கொண்டு இருப்போம். பிறகு இலங்கை வானொலி சிற்றலையில் ஏறுவதும் இறங்குவதுமாகக் கேட்கும். பாட்டு நல்ல இடத்துக்கு வரும்போது சரியாக இறங்கிப்போகும். உன் அப்பா ஏரியல் கம்பியைக் கையால் பிடித்துக்கொண்டு நிற்பார்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். மகன் சித்திரைக்குச் சிங்கப்பூரிலிருந்து வரும்போது இரண்டில் ஒன்றைக் கொண்டுவருவதாகச் சொல்கிறான். இரண்டும் யமஹாதான். ஒன்று ஆர்-எஸ்202 ரிசீவர், மற்றது ஏ-எஸ்301 இன்டக்ரேட்டட் ஆம்ப்ளிபையர். "ரிசீவரில் ரேடியோ இருக்கிறது, புளூடூத் இருக்கிறது, வாட்டும் நூறு, விலையும் குறைவு. மற்றதில் அறுபது வாட்தான், ரேடியோவும் கிடையாது. பிறகு எதற்கு அது?" என்று கேட்டிருக்கிறாய். நியாயமான கேள்வி. என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் இதையேதான் கேட்கிறார்கள்.

முதலில் பெயரைப் புரிந்துகொள். சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற, எந்தப் பெட்டியிலிருந்து பாட்டு வரவேண்டும் என்று தேர்ந்தெடுக்கிற பகுதி ஒன்று. ஸ்பீக்கரைத் தள்ளுகிற பலம் கொடுக்கிற பகுதி இன்னொன்று. இரண்டையும் ஒரே பெட்டியில் அடைத்தால் அது இன்டக்ரேட்டட் ஆம்ப்ளிபையர். அதோடு ரேடியோ டியூனரையும் சேர்த்துவிட்டால் ஸ்டீரியோ ரிசீவர். வித்தியாசம் அவ்வளவுதான். டிவிக்குப் பக்கத்தில் வைக்கிற, ஐந்தாறு ஸ்பீக்கர் மாட்டுகிற ரிசீவர் வேறு ஜாதி. அதை இதில் சேர்க்காதே.

ரிசீவர் என்றாலே மட்டம் என்று சிலர் பேசுவார்கள், அதை நம்பாதே. எழுபதுகளில் கம்பெனிகள் தங்கள் முழுத் திறமையையும் ரிசீவரில்தான் காட்டின. 1978-இல் வந்த பயனியர் எஸ்எக்ஸ்-1980 ஒரு பக்கத்துக்கு 270 வாட், எடை 35 கிலோ. அன்றைக்கு வீட்டுப் பாட்டுக்கு எஃப்.எம்.தான் உயிர். எஃப்.எம். கேட்கிறவர்கள் குறையக் குறைய, ரிசீவர் விலை குறைந்த வரிசைக்கு இறங்கிவிட்டது. அதனால் இன்று ரிசீவர் வாங்குகிறவன், டியூனருக்காக ஆம்ப்ளிபையர் பக்கத்தில் எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று பார்த்து வாங்கவேண்டும்.

அதைப் பார்க்கிற இடம், நீ மயங்கிப்போன அந்த நூறு வாட்தான். மகனிடம் சொல்லி இரண்டு பெட்டியின் விவரத்தாளையும் முழுவதும் படிக்கச் சொல். ஆர்-எஸ்202-க்கு 100 வாட் என்று போட்டுவிட்டு, பக்கத்தில் சின்ன எழுத்தில் 40 ஹெர்ட்ஸிலிருந்து 20 கிலோ ஹெர்ட்ஸ் வரை, திரிபு, அதாவது ஒலி கெடுகிற அளவு, 0.2 சதவீதம் என்று இருக்கும். ஹெர்ட்ஸ் என்பது நொடிக்கு எத்தனை அதிர்வு என்ற கணக்கு, எண் குறையக் குறைய ஒலி தாழ்ந்தது. ஏ-எஸ்301-க்கு 60 வாட், ஆனால் 20 ஹெர்ட்ஸிலிருந்தே, திரிபு 0.019 சதவீதம். ஆம்ப்ளிபையரின் மூச்சு வாங்குகிற இடம் அந்த அடிக்கட்டைதான். காதுக்குக் கேட்கிற மிகத் தாழ்ந்த ஒலிகளின் பக்கம் அது. அந்தக் கடைசிப் பகுதியை விட்டுவிட்டு அளந்த நூறும், அதையும் சேர்த்து அளந்த அறுபதும் ஒரே அளவுகோல் அல்ல. முன்பு இந்தச் சின்ன எழுத்துகூட இல்லாமல் ஆளாளுக்கு வாட் போட்டார்கள். அமெரிக்காவில் 1974-இல் அரசாங்கம் விதி கொண்டுவந்த பிறகுதான், எந்த அளவிலிருந்து எந்த அளவு வரை, எவ்வளவு திரிபோடு என்று சேர்த்து எழுதுகிற வழக்கம் ஊன்றியது. அந்தச் சின்ன எழுத்து நமக்காகப் போட்டது, படிக்காமல் விடக்கூடாது.

எடையையும் பார். ரிசீவர் 6.7 கிலோ, ஆம்ப்ளிபையர் 9 கிலோ. வாட் குறைவாகப் போட்டிருக்கிற பெட்டி இரண்டு கிலோவுக்கு மேல் கனமாக இருக்கிறது. முப்பது வருஷமாகப் பெட்டிகளைத் திறந்து பார்க்கிறவன் சொல்கிறேன், பெட்டியின் கனம் பெரும்பாலும் டிரான்ஸ்பார்மரும், சூட்டை வெளியேற்றுகிற ஹீட்சிங்க்கும்தான். அதில் மிச்சம் பிடிக்காத பெட்டி நம் ஊர் வெயிலில் நீடிக்கும்.

அது போக, அறுபதுக்கும் நூறுக்கும் காதில் என்ன வித்தியாசம் தெரியும் என்று நினைக்கிறாய்? சத்தத்தை அளக்கிற கணக்கில் இரண்டு டெசிபலுக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். சத்தம் இரண்டு மடங்கு என்று காதுக்குத் தோன்றவேண்டும் என்றால் வாட் பத்து மடங்கு வேண்டும். உன் ஸ்பீக்கரின் பின்னால் 87 டெசிபல் என்று போட்டிருப்பதாக எழுதியிருக்கிறாய். ஒரே ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் அவ்வளவு சத்தம் வரும் என்று அதற்கு அர்த்தம். பேசுகிற குரல் அறுபது டெசிபல் சுமார்தான். உன் முன்னறையில் நீ சாய்வு நாற்காலியில் கேட்கிற சத்தத்துக்கு ஒன்றிரண்டு வாட் போதும். மிச்சம் எல்லாம் திடீரென்று தவில் விழுகிற அந்தக் கணத்துக்கு.

இப்போது தட்டுக்கு வருகிறேன். என் மனசு முழுக்க அந்தத் தகரப் பெட்டியில்தான் இருக்கிறது. தட்டைச் சுழற்றுகிற டர்ன்டேபிளின் ஊசியிலிருந்து வருவது மிகச் சின்ன மின்சாரம், ஊசியைத் தாங்குகிற சாதாரண எம்.எம். கார்ட்ரிட்ஜில் ஐந்து மில்லி வோல்ட் அளவுதான். சிடி பிளேயர் கொடுப்பது இரண்டு வோல்ட், நானூறு மடங்கு. அதுவும் போக, எல்.பி. தட்டு வெட்டும்போது அடிக்கட்டையைக் குறைத்து, உச்சத்தைக் கூட்டித்தான் வெட்டுவார்கள். இல்லாவிட்டால் பள்ளம் அகன்று, ஒரு பக்கத்தில் பாட்டு அதிகம் கொள்ளாது. எவ்வளவு குறைப்பது, எவ்வளவு கூட்டுவது என்பதற்கு 1954-இலிருந்து எல்லோரும் ஒரே கணக்கு வைத்துக்கொண்டார்கள். கேட்கும்போது அதைத் திருப்பிப் போட ஒரு சர்க்யூட் வேண்டும். அதுதான் போனோ. ஏ-எஸ்301-இன் பின்பக்கம் போனோ சாக்கெட் இருக்கிறது, ஆர்-எஸ்202-இல் இல்லை. ரிசீவர் வாங்கினால் போனோவுக்குத் தனியாக ஒரு சின்னப் பெட்டி, அதற்கு ஒரு அடாப்டர், அதற்கு ஒரு பிளக் பாயின்ட் என்று போகும். விலை குறைவு என்று சொன்னாயே, அதில் பாதி அங்கே போய்விடும்.

புளூடூத் விஷயத்தில் நீ சொல்வது சரி. என் தங்கச்சி போனிலிருந்து சுப்ரபாதம் போடுவாள், அது வேண்டும். ஏ-எஸ்301-இல் அது இல்லை, தீப்பெட்டி அளவில் விற்கிற புளூடூத் அடாப்டர் ஒன்றை வாங்கிப் பின்னால் மாட்டிவிடு. டிவிக்கு ஆப்டிகல் ஒயர் சொருகவும் இடம் இருக்கிறது.

அப்புறம் ரேடியோ. நீ தயங்குவது இதற்காகத்தான் என்று எனக்குத் தெரியும். ஆனால் யோசித்துப் பார். நாம் ரேடியோவைத் தேடுகிறது எப்போது? கரண்ட் போன பிறகுதானே! நாலு மணி நேரம் விளக்கு எரிந்தால் எட்டு மணி நேரம் இருட்டு என்று எங்கள் தெருவில் மாதக்கணக்காக ஓடியிருக்கிறது. அந்த இருட்டில் போன் டவரும் சில சமயம் படுத்துவிடும். பூமி ஆடின வாரம் எனக்குச் சேதி சொன்னது, ஜன்னலோரம் இருக்கிற பேட்டரி ரேடியோதான். ரிசீவருக்குள் இருக்கிற டியூனர் 230 வோல்ட் இல்லாமல் வாய் திறக்காது. அதில் எஃப்.எம்.மும் மத்திய அலையும்தான், சிற்றலை கிடையாது. நாம் பெட்டி மேல் உட்கார்ந்து கேட்ட மாதிரி தூரத்துத் தமிழ் அதில் வராது. பி.பி.சி. தமிழோசையே 2017-இல் சிற்றலையை விட்டுப் போய்விட்டது என்பது வேறு துக்கம். அதனால் ரேடியோவைத் தனியாகவே வை. இரண்டு பேட்டரி போட்டால் ஓடுகிற, சிற்றலையும் எஃப்.எம்.மும் எடுக்கிற ஒன்று உன் தலைமாட்டில் இருக்கட்டும். நல்ல ஸ்பீக்கரில் எஃப்.எம். கேட்க ஆசை வந்தால், அதன் இயர்போன் ஓட்டையிலிருந்து ஒரு ஒயர் இழுத்து ஆம்ப்ளிபையரில் சொருகு, முடிந்தது.

இங்கே கப்பலில் வந்து இறங்குகிற ஜப்பான் பழைய சாமானில் ஒன்றை எடுத்துவிடலாமா என்றும் ஒரு வரி எழுதியிருந்தாய். எடுக்கலாம், எடுத்துச் சம்பாதித்திருக்கிறேன், ஒரு தடவை நன்றாகப் பட்டும் இருக்கிறேன். நான்கு வருஷம் முன்பு அழகான ரிசீவர் ஒன்று, வெள்ளி முகப்பு, பொத்தானைத் திருப்பினால் வெண்ணெயில் திருப்புகிற மாதிரி. 220-க்கு மாற்றியாச்சு என்று விற்றவர் சொன்னார். திறந்து பார்த்துவிட்டுச் சொருகுவது என் வழக்கம். அன்றைக்கு மழை, இருட்டப் போகிறது, கரண்ட் போய்விடும் என்ற அவசரம். சொருகினேன். 'உம்ம்' என்று ஒரு கனத்த உறுமல், முகப்பு விளக்கு வெள்ளையாகப் பளிச்சென்றது, அடுத்த நொடி வார்னிஷ் கருகுகிற வாசனை. மூடியைக் கழற்றினால் டிரான்ஸ்பார்மரின் காகிதம் பழுப்பேறிச் சுருண்டிருந்தது, பெரிய கண்டன்சர் இரண்டும் தலை உப்பி நின்றன. ஜப்பான் வீட்டுக் கரண்ட் 100 வோல்ட். அந்தப் பெட்டியை நம் 230-இல் நேராகச் சொருகினால் இப்படித்தான் ஆகும். அதற்குரிய ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் வைத்து ஓட்டவேண்டும். இன்னொன்று, அங்கே பழைய டியூனர்கள் 76-இலிருந்து 90 மெகா ஹெர்ட்ஸ் வரைதான் எடுக்கும். எங்கள் சிட்டி எஃப்.எம். 89-இல் இருப்பதால் மாட்டும். 90-க்கு மேலே இருக்கிற எதுவும் கிடைக்காது. அந்த ரிசீவரை நான் தூக்கிப் போடவில்லை. ஒருநாள் அதற்கு ஏற்ற டிரான்ஸ்பார்மர் கிடைக்கும் என்று அலமாரியில் வைத்திருக்கிறேன்.

மகன் கொண்டுவருகிற பெட்டிக்கு இந்தக் கவலை இல்லை, சிங்கப்பூரும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். ஆனாலும் பின்பக்கம் வோல்ட் மாற்றுகிற திருகு இருந்தால், பிளக்கைச் சொருகும் முன்னால் அது 230 பக்கம் நிற்கிறதா என்று நீயே கண்ணால் பார். கரண்ட் வந்த உடனே போடாதே. வந்த முதல் சில நிமிஷம் வோல்ட் தாறுமாறாகக் குதிக்கும், தாமதமாகத் திறக்கிற ஸ்டெபிலைசர் ஒன்று நடுவில் இருக்கட்டும்.

இன்வெர்ட்டரில் ஓட்டுவாய், அதையும் சொல்லிவிடுகிறேன். உன் வீட்டில் இருப்பது சைன் அலை இன்வெர்ட்டரா, படிக்கட்டு மாதிரி அலை கொடுக்கிற மலிவு வகையா என்று பார். தெரியவில்லை என்றால் ஆம்ப்ளிபையரை அதில் போட்டுவிட்டு, பாட்டு வைக்காமல், மூடியின் மேல் உள்ளங்கையை வை. பூனை வயிற்றைத் தடவுகிற மாதிரி விரலில் அதிர்வு தெரிந்தால் அது மலிவு வகை. டிரான்ஸ்பார்மர் அந்த அலையில் அதிரும், சூடும் கூடும். ராத்திரி அமைதியில் ஆலாபனைக்கு அடியில் அந்த உறுமலும் சேர்ந்தே கேட்கும். அப்படி என்றால் கரண்ட் இருக்கும்போது மட்டும் தட்டு போடு. சைன் அலை என்றால் தயங்காதே, மெதுவாகப் பாடும்போது இந்தப் பெட்டி ஒரு குண்டு பல்பு இழுக்கிற அளவுதான் இழுக்கும்.

ஆக மகனிடம் ஏ-எஸ்301-ஐயே எடுக்கச் சொல். நீ தட்டே போடப்போவதில்லை, போனும் எஃப்.எம்.மும்தான் என்றால் அந்த ரிசீவரே போதும் என்று நானே எழுதியிருப்பேன். அப்பாவின் பெட்டி திறந்துவிட்டது, இனி அப்படி எழுத முடியாது.

ஒரு அவசரமான விஷயம். பெட்டியில் கனமான, ஓரம் தடித்த, நிமிஷத்துக்கு 78 சுற்றுச் சுழல்கிற பழைய தட்டுகளும் கட்டாயம் இருக்கும். அவற்றை மகன் வாங்குகிற டர்ன்டேபிளில் வைத்துவிடாதே. எல்.பி. ஊசி அந்த அகலமான பள்ளத்தின் அடியில் போய் உரசும், சத்தமும் சரியாக வராது, ஊசியும் கெடும். அவற்றுக்கு நாலு மடங்கு தடித்த ஊசி வேண்டும். என்னிடம் ஒன்று இருக்கிறது, பங்குனியில் மோல்மேனுக்கு வரும்போது கொண்டுவருகிறேன். அதுவரை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் செங்குத்தாக நிறுத்தி வை, வெயில் படாத சுவர் ஓரமாக. ஒவ்வொன்றின் லேபிளையும் பார்த்து, பாடினவர் பேரையும் தட்டு எண்ணையும் ஒரு தாளில் எழுதி அனுப்பு. உன் அப்பா மாலை வகுப்பு முடிந்ததும் போடுவாரே, சிவப்பு லேபிள், நடுவில் ஒரு கீறல், அந்த இடத்தில் மட்டும் 'டக்' என்று கேட்கும், அது இருக்கிறதா என்று முதலில் பார்.

என் தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்.

உன் மச்சான்