திங்கட்கிழமை காலை வேலைக்குப் போக வேண்டியவர்களுக்கு, குன்னூரிலிருந்து

வெள்ளிக்கிழமை இரவு கிளம்பி, சனி ஞாயிறு மலையில் மழை பார்த்துவிட்டு, திங்கள் காலை ஆபீஸில் போய் உட்கார்ந்துவிடலாம் என்று கணக்குப் போடும் சென்னை, பெங்களூரு, மதுரை அன்பர்களுக்கு வணக்கம்.

நான் குன்னூரில் சுற்றுலா வண்டி ஓட்டுகிறேன். இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. மழைக்காலத்தில் வராதீர்கள் என்று சொல்ல இதை எழுதவில்லை. அப்படிச் சொன்னால் என் வீட்டில் அடுப்பு எரியாது. உண்மையைச் சொன்னால், மே மாதக் கூட்டத்தில் முண்டியடித்து மலர்க் கண்காட்சி பார்க்க வருகிறவர்களைவிட ஜூலையில் வருகிறவர்களைத்தான் எனக்குப் பிடிக்கும். அறை வாடகை இறங்கியிருக்கும். கோடையில் காய்ந்து கிடந்த பாறையெல்லாம் அருவியாகியிருக்கும், அதில் பாதிக்குப் பெயர்கூடக் கிடையாது. தேயிலை ஃபேக்டரியைத் தாண்டும்போது கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கினால் தூள் வாசனையும் ஈர மண் வாசனையும் சேர்ந்து வரும். வாருங்கள். ஆனால் கையில் ஒரு நாளைக் கூடுதலாக வைத்துக்கொண்டு வாருங்கள். நான் கேட்பது அது ஒன்றுதான்.

"ஊட்டியில் மழையா?" என்று ஃபோனில் கேட்கிறீர்கள். அதற்கு ஆமாம், இல்லை என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. நீலகிரிக்கு இரண்டு மழை. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை அரபிக்கடல் பக்கமிருந்து வரும் தென்மேற்குப் பருவமழை மேற்குச் சரிவில் முட்டி அங்கேயே கொட்டித் தீர்க்கும். கூடலூர், பந்தலூர், தேவாலா, நடுவட்டம், அவலாஞ்சி, அப்பர் பவானி எல்லாம் அந்தப் பக்கம். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. அந்த மேகம் மலையைத் தாண்டி குன்னூர் வருவதற்குள் பாதி காலியாகிவிடும். எங்களுக்குச் சாரலும் காற்றும் மேகமூட்டமும்தான் மிச்சம். அக்டோபர் பிறந்தால் கதை தலைகீழ். வங்கக்கடல் காற்று கிழக்குச் சரிவில் ஏற ஆரம்பித்ததும் குன்னூரும் கோத்தகிரியும் மேட்டுப்பாளையம் சாலையும் வாங்கிக் கட்டிக்கொள்ளும். 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர். சென்னையில் வருடம் முழுக்கப் பெய்வதே சுமார் 140 சென்டிமீட்டர்தான், பார்த்துக்கொள்ளுங்கள். அந்தச் சில நாட்களில் இந்த மாவட்டத்தில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் நிலச்சரிவில் இறந்துபோனார்கள்.

இதையெல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டாம். ஒரு சுலபமான வழி சொல்கிறேன். முந்தின நாள் இரவு பள்ளி விடுமுறைச் செய்தியைப் பாருங்கள். "கூடலூர், பந்தலூர் தாலுகாக்களுக்கு மட்டும் விடுமுறை" என்று வந்தால் மழை மேற்கில் நிற்கிறது, குன்னூர் பக்கம் சுற்றலாம். குன்னூர், கோத்தகிரி பெயர் வந்தால் மேட்டுப்பாளையம் வழியை மறந்துவிடுங்கள். மாவட்டம் முழுக்க விடுமுறை என்றால், எங்கள் பிள்ளைகளையே வீட்டுக்குள் வைத்திருக்கிறோம் என்று அர்த்தம். சிவப்பு எச்சரிக்கை என்பது வெறும் நிறம் இல்லை, 24 மணி நேரத்தில் 20 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டலாம் என்று வானிலைத் துறை சொல்வது. அன்றைக்குக் கிளம்பாதீர்கள். அறைக்குக் கட்டிய முன்பணம் போனால் போகட்டும்.

இனி அந்த ஒரு நாள் விஷயத்துக்கு வருகிறேன்.

சில வருடங்களுக்கு முன், நவம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை. சென்னைக் குடும்பம் ஒன்று என் வண்டியில். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், ஒரு பாட்டி. மதியத்திலிருந்தே மழை விடவில்லை. இரண்டு மணிக்கே இறங்கிவிடலாம் என்றேன். மேட்டுப்பாளையத்தில் ரயில் இரவு ஒன்பதுக்கு மேல்தானே, இவ்வளவு சீக்கிரம் போய் என்ன செய்வது, சாக்லேட் வாங்க வேண்டும், சிம்ஸ் பூங்கா பார்க்க வேண்டும் என்றார்கள். கிளம்பும்போது மணி ஐந்து. காட்டேரி தாண்டிக் கொஞ்ச தூரத்தில் வண்டிகள் வரிசையாக நின்றன. மரம் விழுந்து, கூடவே மண்ணும் இறங்கியிருந்தது.

இப்படி நின்றால் உள்ளூர் டிரைவர்கள் எஞ்சினை அணைத்துவிட்டு, இடதுபக்கம் ஒட்டி ஒற்றை வரிசையில் நிற்போம். எங்களுக்குத் தெரியும், ஜேசிபி வர வழி வேண்டும். அன்றைக்கு அரை மணி நேரம்தான் ஆகியிருக்கும், பின்னாலிருந்து ஒரு கார் வரிசையைத் தாண்டி வலதுபக்கம் முன்னே போனது. அதைப் பார்த்து இன்னொன்று. அப்புறம் ஒரு வேன். பத்து நிமிடத்தில் சாலை முழுக்க வண்டி. கீழே இருந்து ஏறியவர்களும் அதையே செய்திருந்தார்கள். ஜேசிபி வந்தது, உள்ளே நுழைய இடமில்லை. கொட்டுகிற மழையில் ஒவ்வொரு வண்டியாகப் பின்னால் எடுக்க வைக்கவே முக்கால் மணி நேரம் ஆயிற்று. முந்திப் போன அத்தனை பேரும் கெட்டவர்கள் இல்லை. அத்தனை பேருக்கும் திங்கட்கிழமை இருந்தது.

என் வண்டியில் அப்பா டவர் இல்லாத ஃபோனைக் கையில் பிடித்தபடி, "அண்ணா, எப்படியாவது ரயிலைப் பிடித்துவிடலாமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பாட்டி மட்டும் ஊருக்கு வாங்கிய வர்க்கிப் பொட்டலத்தைப் பிரித்து எல்லோருக்கும் கொடுத்தார். எனக்கும் இரண்டு. பத்தரை மணிக்கு வழி விட்டார்கள். ரயில் எப்போதோ போயிருந்தது.

இந்த அவசரம்தான் எனக்குப் பயம். மழையைப் பார்த்து நான் அவ்வளவு பயப்படுவதில்லை. மழை நின்றுவிட்டதே, கிளம்பலாம் என்கிறீர்கள். மண் சரிவது மழை நின்ற பிறகும் நடக்கும். சாலைக்காகச் செங்குத்தாக வெட்டிய மேடு, மேலே செம்மண், அடியில் பாறை. தண்ணீர் ஊறி மண் கனத்துப்போய், அந்தத் தண்ணீர் பாறைக்கும் மண்ணுக்கும் நடுவில் இறங்கிவிட்டால் பிடி விட்டுவிடும். மேட்டிலிருந்து தெளிவாக ஒழுகும் தண்ணீர் திடீரென்று சேறாக மாறினாலோ, சின்னச் சின்னக் கல் உருண்டாலோ, அந்த இடத்தில் நிற்காதீர்கள், நின்று படம் எடுக்கவும் எடுக்காதீர்கள். மரத்தடியும் அப்படித்தான். 2025 மே மாதம், மழை முன்னதாகவே பிடித்துக்கொண்ட நேரத்தில், ஊட்டிக்குப் பக்கத்தில் எட்டாவது மைலில் மரம் விழுந்து கேரளத்திலிருந்து வந்த சிறுவன் ஒருவன் இறந்தான். கற்பூர மரம் என்று நாங்கள் சொல்லும் யூகலிப்டஸ் பார்க்க நெடுநெடுவென்று அழகாக இருக்கும். ஊறிய மண்ணில் காற்றும் சேர்ந்தால் அதை நம்ப முடியாது.

ஓட்டுவதைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், தொழில் புத்தி விடாது. எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். ஆட்டோமேட்டிக் வண்டி என்றால் சும்மா 'டி'யில் விட்டுவிட்டு பிரேக்கை மிதித்துக்கொண்டே வராதீர்கள், பர்லியாறு வருவதற்குள் கருகிய வாடை வரும். ஏறுகிற வண்டிக்கு வழி விடுங்கள். கொண்டை ஊசி வளைவில் பஸ் முழுச் சாலையையும் எடுத்துத்தான் திரும்பும், வளைவுக்கு முன்னாலேயே நின்றுவிட்டால் இரண்டு பேருக்கும் நிம்மதி. மேகம் இறங்கினால் ஹைபீம் போடாதீர்கள், வெளிச்சம் உங்கள் முகத்திலேயே திரும்பி அடிக்கும். நாலு இண்டிகேட்டரையும் மினுக்கிக்கொண்டே ஓட்டுகிறவர்களைப் பற்றி எழுதினால் தனி மடலாகிவிடும். நீங்கள் எந்தப் பக்கம் திரும்பப் போகிறீர்கள் என்று பின்னால் வரும் எனக்கு எப்படித் தெரியும்?

ஜூன், ஜூலையில் இன்னொன்று. பர்லியாறு, மரப்பாலம், கோத்தகிரி வழியில் குஞ்சப்பனை, இங்கெல்லாம் பலாப்பழ சீசன். யானைகள் வரும். மேகமூட்டத்தில் சாம்பல் நிற யானை ஒன்று சாம்பல் நிறப் பாறை மாதிரியே நிற்கும். இருட்டிய பிறகு இறங்க வேண்டாம் என்று நான் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

மழையில் மலை ரயிலை நம்பித் திட்டம் போடாதீர்கள். கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவில் மண் விழுந்தால் நாள்கணக்கில் ரத்தாகும். கம்பி அறுந்தால் கரண்ட் போகும், பின்னாலேயே டவரும் போகும், ஜிபே வேலை செய்யாது, ஆகவே ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள். மேப் காட்டும் குறுக்கு வழி நேராகத் தேயிலைத் தோட்டத்துக்குள் கொண்டுபோய் விடும். ஜீன்ஸ் மூன்று நாளானாலும் காயாது. குளிர்கிறது என்று கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிட்டுத் தூங்கவே தூங்காதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயுவுக்கு வாசனையே இருக்காது, மலை ஊர்களில் இப்படி உயிர்கள் போயிருக்கின்றன.

2024 மே 7 முதல் இ-பாஸ் இல்லாமல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டி வர முடியாது, நீதிமன்ற உத்தரவு. அதில் எத்தனை நாள் தங்குகிறீர்கள் என்று கேட்கும். இரண்டு என்று விரல் தானாகப் போகும். மூன்று என்று போடுங்கள்.

அந்தச் சென்னைக்காரர் இரண்டு வருடம் கழித்து ஒரு ஜூலையில் என்னைக் கூப்பிட்டார். "அண்ணா, இந்த முறை புதன்கிழமை வரை லீவு போட்டிருக்கிறேன்" என்றார். வந்தார்கள். குன்னூரில் மூன்று நாளும் பளிச்சென்று வெயில்! மழை பார்க்கத்தானே வந்தோம், எங்கே மழை என்று என்னிடம் சண்டைக்கு வந்துவிட்டார். "கூடலூர் சாலையில் போனால் கிடைக்கும் சார்" என்றேன். காலையில் விசாரித்தேன், எச்சரிக்கை எதுவும் இல்லை, வழியும் திறந்திருந்தது. ஒரு நாள்தான் கையில் இருந்ததே, செவ்வாய்க்கிழமை பொழுது விடிந்ததும் கிளம்பினோம். பைக்காரா தாண்டும்போது தூறல். நடுவட்டம் போவதற்குள் வைப்பருக்கு மூச்சு வாங்கியது. ஓரமாக, மேடு இல்லாத இடமாகப் பார்த்து நிறுத்தினேன். பாட்டி தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கச் சொல்லிக் கையை வெளியே நீட்டினார்.